யாருக்குக் கிடைத்தது இன்னொரு வருஷம்?

மருத்துவக் கல்லூரியில் இடம் கேட்டுக் கிடைக்காமல் போனவர் அடுத்த வருஷம் என்ன செய்தார்? கல்லூரிகளின் நூற்றாண்டு மலர்களில் இதற்குப் பதில் இருக்காது. அவை சேர்ந்தவர்களின் கதையைத்தான் சொல்லும். இன்று தமிழ்நாட்டில் எந்த வீட்டில் கேட்டாலும், "ஒரு வருஷம் கோச்சிங் போட்டு மறுபடியும் எழுத வேண்டியதுதான்" என்று பதில் தயாராக வரும். ஏதோ காலங்காலமாக இப்படித்தான் நடந்துவந்தது போல அது நம் காதில் விழுகிறது. ஆனால் நூறு வருஷத்துக்குள் இந்தப் பதில் நாலைந்து தடவை மாறியிருக்கிறது. ஒவ்வொரு தடவையும் மாறியது மாணவர்களின் மனவுறுதியோ பெற்றோரின் ஆசையோ கிடையாது. சேர்க்கை விதிகள் மாறின. அவற்றோடு பதிலும் மாறியது. மறுபடி எழுதுகிறவரைப் பாராட்டுகிறவர்களும் சரி, மறுபடி எழுதும் வழக்கத்தைத் திட்டுகிறவர்களும் சரி, இதைத் தனிமனிதக் குணமாகவே பார்க்கிறார்கள். ஒரு சேர்க்கை முறை இரண்டாவது வருஷத்துக்கு எவ்வளவு பலன் வைத்திருக்கிறது, அந்த வருஷத்தை யாரால் விலை கொடுத்து வாங்க முடிகிறது என்ற இரண்டு கேள்விகளைக் கேட்டுப் பார்த்தால், தமிழ்நாட்டு மருத்துவச் சேர்க்கையின் வரலாறு வேறு மாதிரி தெரிகிறது.

சுதந்திரத்துக்கு முந்தைய காலத்தில் இரண்டாவது வருஷம் என்ற பிரச்சினையே பெரிதாக எழவில்லை. காரணம், டாக்டராவதற்கு இரண்டு படிகள் இருந்தன. மேல்படி, சென்னை மருத்துவக் கல்லூரி கொடுத்த பல்கலைக்கழகப் பட்டம். கீழ்ப்படி எல்.எம்.பி. எனப்பட்ட உரிமச் சான்று. அது குறுகிய படிப்பு, செலவும் குறைவு, பள்ளியிறுதி முடித்தவரே சேரலாம். ராயபுரத்தில் இருந்த மருத்துவப் பள்ளி அப்படிப்பட்டவர்களைத்தான் உருவாக்கியது. பட்டப்படிப்புக்கு எட்டாதவர் ஒரு வருஷம் காத்திருந்து மறுபடி மோத வேண்டிய அவசியம் இல்லை. ஒரு படி இறங்கிச் சேர்ந்தால் போதும், ஊரில் டாக்டர் என்றே பெயர். இவர்கள் சிறுபான்மையும் இல்லை. 1946இல் வந்த போர் (Bhore) சுகாதாரக் குழு அறிக்கையின் கணக்குப்படி நாட்டில் பதிவு பெற்ற மருத்துவர்கள் 47,524 பேர். அதில் 29,870 பேர், அதாவது ஐந்தில் மூன்று பங்குக்கும் மேல், உரிமச் சான்று பெற்றவர்கள். அந்தக் குழுதான் இனி ஒரே தரத்தில் ஒரே வகை மருத்துவர் போதும் என்று பரிந்துரைத்தது. சென்னை மாகாணம் அந்தத் திசையில் முன்பே நடக்கத் தொடங்கிவிட்டது. ராயபுரம் பள்ளி 1938இல் ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியாக உயர்ந்துவிட்டது. மருத்துவத்தின் தரத்துக்கு இந்த முடிவு நல்லது செய்ததா என்பது தனி விவாதம். சேர்க்கைக்கு அது செய்ததை மட்டும் இங்கே குறித்துக்கொள்ளலாம்: இரண்டு கதவுகளில் ஒன்றை அடைத்துவிட்டது. மிஞ்சிய ஒரே கதவில் இடிபட்டு வெளியே நின்றவருக்கு, அதே கதவில் மறுபடி வந்து நிற்பதைத் தவிர வேறு வழி வைக்கவில்லை.

ஆனாலும் அடுத்த முப்பது வருஷங்களில் மறுமுயற்சி பெரிய வழக்கமாக வேரூன்றவில்லை. பி.யு.சி. எனப்பட்ட புகுமுக வகுப்பின் மதிப்பெண்ணும் நேர்காணலும் சேர்ந்து இடத்தைத் தீர்மானித்த காலம் அது. 1970-71 சேர்க்கையை எதிர்த்து வந்த பெரியகருப்பன் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த முறையைப் பிரித்துப் போட்டுப் பார்த்தது: மொத்தம் 275 மதிப்பெண்ணில் 75 நேர்காணலுக்கு. இது மிகை என்று நீதிமன்றம் சொன்னது. கல்லூரிகளைத் தனித்தனி அலகுகளாகப் பிரித்து இடம் ஒதுக்கிய ஏற்பாட்டையும் அது ஏற்கவில்லை. சில நிமிடங்கள் எதிரே உட்கார்ந்துவிட்டுப் போகும் பையனுக்கு 75இல் எத்தனை போடுவது என்பது அவன் படிப்பைப் பொறுத்தது இல்லை என்று எல்லோருக்கும் தெரியும். இப்படிப்பட்ட முறையில் இன்னொரு வருஷம் உட்கார்ந்து படிப்பதால் என்ன கிடைக்கும்? பி.யு.சி. மதிப்பெண் முடிந்துபோன விஷயம். நேர்காணலில் தேவைப்பட்டது சிபாரிசு. அது ஒரு வருஷத்தில் முளைக்கிற பயிர் இல்லை. வசதியுள்ளவர்களும் காத்திருக்கவில்லை. 1953இல் தொடங்கிய மணிப்பால் தனியார் மருத்துவக் கல்லூரி பணம் கட்டுகிறவர்களுக்குத் திறந்திருந்தது. ஆகவே அந்தக் காலத்தில் நிராகரிக்கப்பட்டவர்களில் பலர் பி.எஸ்ஸி. விலங்கியலுக்கோ தாவரவியலுக்கோ போய் அங்கேயே தங்கிவிட்டார்கள். அந்தத் தலைமுறையை 'சீக்கிரம் மனம் தளர்ந்தவர்கள்' என்று யாரும் சொன்னதில்லை. மறுபடி முட்டுவதில் லாபம் இல்லாத இடத்தில் யாரும் முட்ட மாட்டார்கள், அவ்வளவுதான்.

லாபம் வந்தது 1984இல். எம்.ஜி.ஆர். அரசு தொழிற்கல்விக்குப் பொது நுழைவுத் தேர்வைக் கொண்டுவந்தது. பிளஸ் டூ வந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. பிளஸ் டூ மதிப்பெண்ணை 200க்குச் சுருக்கி, நுழைவுத் தேர்வின் 100ஐச் சேர்த்து, 300க்குத் தரவரிசை. நேர்காணலின் இருட்டறையை ஒழித்தது என்ற வகையில் இது பெரிய முன்னேற்றம். அதை மறுத்துப் பேசுவது அந்தக் காலத்தை அறியாமை. ஆனால் வெளிச்சம் வந்ததும் இன்னொன்றும் கண்ணில் பட்டது. 300இல் எந்த மதிப்பெண்ணும் கல்லில் செதுக்கியதில்லை. நுழைவுத் தேர்வை அடுத்த கோடையில் மறுபடி எழுதலாம். பிளஸ் டூவையும் மறுபடி எழுதலாம். அதற்குத்தான் 'இம்ப்ரூவ்மெண்ட்' என்று பெயர். பாஸ் செய்த மாணவர் தனித்தேர்வராகப் பதிந்து, இயற்பியலும் வேதியியலும் உயிரியலும் மறுபடி எழுதி, கூடிய மதிப்பெண்ணோடு அடுத்த சேர்க்கைக்கு வரலாம். மொழிப்பாடம் இல்லை, செய்முறைப் பதிவேடு எழுதி மாளும் வேலை இல்லை, பள்ளி மணி இல்லை. மூன்று பாடம், பன்னிரண்டு மாதம். முதல் தடவை எழுதும் மாணவர் ஆறு பாடத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும்போது பக்கத்து பெஞ்சில் மூன்று பாடத்தோடு ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். தரவரிசை இருவரையும் ஒரே கண்ணால் பார்க்கிறது. நகரங்களில் டியூஷன் மையங்கள் இதற்கென்று தனி வகுப்புகள் நடத்தின. கிராமத்துப் பள்ளியில் படித்தவருக்கும் சட்டம் இதே உரிமையைத்தான் கொடுத்தது. உரிமையைப் பயன்படுத்த நகரத்தில் அறை எடுத்து ஒரு வருஷம் சும்மா தங்குகிற பணம் வேண்டும் என்பதைச் சட்டம் சொல்லவில்லை.

2005 ஜூனில் ஜெயலலிதா அரசு நுழைவுத் தேர்வையும் இம்ப்ரூவ்மெண்ட் முறையையும் ஒரே அரசாணையில் ஒழித்தது. பின்னால் நடந்த நீதிமன்றப் போராட்டத்தில் எல்லாக் கண்ணும் நுழைவுத் தேர்வின் மேல்தான். உயர் நீதிமன்றம் அந்த மாதமே ஒழிப்பை ரத்து செய்தது. 2006 தொடக்கத்தில் போட்ட சட்டமும் நிற்கவில்லை. ஆட்சி மாறி, கருணாநிதி அரசு எம். ஆனந்தகிருஷ்ணன் தலைமையில் குழு அமைத்து, புதுச் சட்டம் இயற்றி, 2007 மார்ச்சில் குடியரசுத் தலைவரின் ஒப்புதலையும் வாங்கிய பிறகுதான் விவகாரம் ஓய்ந்தது. இந்தக் கூச்சலுக்கு நடுவே இம்ப்ரூவ்மெண்ட் சத்தமில்லாமல் போய்ச் சேர்ந்தது. திரும்பி வரவே இல்லை. இரண்டாவது வருஷத்துக்குக் கிடைத்த பலனை ஒரு மாநில அரசு வேண்டுமென்றே வெட்டிய சந்தர்ப்பம் இது. நுழைவுத் தேர்வை ஒழித்ததைவிட இதுவே சேர்க்கையின் உள்கட்டமைப்பை ஆழமாக மாற்றியது என்பது என் கணிப்பு. நுழைவுத் தேர்வு போனதைக் கொண்டாடியவர்கள் நிறைய. இதற்கு மாலை போட்டவர் யாருமில்லை.

2007 முதல் 2016 வரை நடந்த சேர்க்கையின் கணக்கைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். உயிரியலின் 200ஐ 100ஆக்கு, இயற்பியலையும் வேதியியலையும் தலா 50ஆக்கு, கூட்டினால் 200க்குக் கட்-ஆஃப். வேதியியலில் ஒரே ஒரு மதிப்பெண் குறைந்தால் கட்-ஆஃபில் 0.25 போகும், அந்தக் கால் மதிப்பெண்ணில் நூற்றுக்கணக்கானவர் நெருக்கியடித்து நிற்பார்கள். கட்-ஆஃப் சமமானால் உயிரியல், பிறகு வேதியியல், பிறகு நான்காவது பாடம். அதுவும் சமமென்றால் வயதில் மூத்தவர் முன்னால். அதுவும் சமமென்றால் கணினி உருட்டிப் போட்ட ரேண்டம் எண். முந்தைய வருஷங்களில் பிளஸ் டூ முடித்தவரும் விண்ணப்பிக்கலாம். ஆனால் அதே பழைய மதிப்பெண்ணோடுதான். அந்த வருஷம் இயற்பியல் கேள்வித்தாள் கடினமாக வந்து எல்லோர் கட்-ஆஃபும் இறங்கினால் பழைய மாணவருக்கு அதிர்ஷ்டம், இறங்காவிட்டால் இல்லை. இதற்கு உழைப்பு வேண்டாம், பணமும் வேண்டாம், பி.டி.எஸ்ஸோ வேறு படிப்போ படித்துக்கொண்டே ஒரு விண்ணப்பம் போட்டுவைத்தால் போதும். நீட் தேர்வின் தாக்கத்தை ஆராய்ந்த நீதிபதி ஏ.கே. ராஜன் குழு 2021இல் எடுத்த கணக்கில், 2016-17இல் எம்.பி.பி.எஸ். சேர்ந்தவர்களில் முந்தைய வருஷத்து மாணவர்கள் 12.47 விழுக்காடு. முயன்றும் வாங்க முடியாத இரண்டாவது வருஷத்துக்குக் கிடைத்த பங்கு அவ்வளவுதான்.

இதைச் சொன்னதும் ஒரு மறுப்பு வரும். வர வேண்டிய மறுப்புதான். அந்தப் பத்து வருஷம் பொற்காலம் என்றால் நாமக்கல் எங்கிருந்து வந்தது? நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு வட்டாரத்து உறைவிடப் பள்ளிகள் அந்தக் காலத்தில் மாநிலத் தரவரிசைகளை ஆண்டன. 'பிராய்லர் பள்ளி' என்று பத்திரிகைகள் பெயர் வைத்தன. கோழிப்பண்ணை ஊருக்கு அது பொருத்தமாகவும் அமைந்துவிட்டது. அங்கே நடந்தது என்ன? பிளஸ் ஒன் பாடத்தை ஓரங்கட்டிவிட்டு, பிளஸ் டூ பாடத்தையே இரண்டு வருஷம் திருப்பித் திருப்பிப் படிக்கவைத்தார்கள். விடிகாலையில் எழுப்பி, வாரத்தேர்வு, மாதத்தேர்வு, முழுப்பாடத் தேர்வு என்று உருப்போட்டு, மார்ச்சில் உட்காரும்போது அந்த மாணவர் அதே கேள்வித்தாளின் மாதிரிகளைப் பலமுறை எழுதியிருப்பார். இதற்கு மறுமுயற்சி என்று பெயர் இல்லை, சான்றிதழில் 'முதல் முயற்சி' என்றுதான் இருக்கும். உண்மையில் இவர் ரிப்பீட்டர்தான். தேர்வுக்கு முன்பே ரிப்பீட் செய்துவிட்டவர். இம்ப்ரூவ்மெண்டை ஒழித்ததால் இரண்டாவது வருஷம் ஒழியவில்லை, பிளஸ் ஒன்னுக்குள் குடிபெயர்ந்தது. இந்த மறுப்பை நான் முழுதாக ஏற்கிறேன். ஏற்பதால் என் வாதம் பலவீனப்படவில்லை. வாங்கத்தக்க காலம் எங்கே இருக்கிறதோ அங்கே வியாபாரம் போய்ச் சேரும் என்பதற்கு நாமக்கல்லைவிட நல்ல சாட்சி கிடைக்காது. இருந்தாலும் ஒரு வேறுபாட்டைச் சொல்லியாக வேண்டும்: பள்ளிக்குள் ஒளிந்த இரண்டாவது வருஷத்துக்கு எல்லா மாணவரும் ஏற்கெனவே செலவிட்டாக வேண்டிய இரண்டு ஆண்டுகளே எல்லை. பதினெட்டு வயது தாண்டி, வருமானமில்லாமல் மூன்றாவதாக ஒரு வருஷத்தை ஒரு குடும்பம் சுமக்க வேண்டியிருக்கவில்லை.

அந்த எல்லை உடைந்தது நீட் வந்தபோது. அதன் சட்டக் கதை ஊரறிந்தது: 2013 மே மாதம் முதல் நீட், அந்த ஜூலையிலேயே உச்ச நீதிமன்றம் ரத்து, 2016 ஏப்ரலில் அதே நீதிமன்றம் அந்த ரத்தைத் திரும்பப் பெற்றது, அவசரச் சட்டத்தால் 2016இல் மட்டும் விலக்கு, 2017இல் தமிழ்நாட்டின் இரண்டு மசோதாக்களும் ஒப்புதல் இல்லாமல் போய், ஆகஸ்டில் விலக்கு முடிந்தே போனது. அடுத்த மாதம், மருத்துவ இடம் கிடைக்காத மாணவி குழுமூர் அனிதாவின் மரணம் இந்த விவாதத்தின் முகமானது. அப்போது பேசப்பட்டதெல்லாம் மாநிலப் பாடத்திட்டமா சி.பி.எஸ்.இ. பாடத்திட்டமா, தமிழா ஆங்கிலமா, கிராமமா நகரமா என்பதைப் பற்றியே. மேடைகளில் பேசப்பட்டவை எல்லாம் முதல் முயற்சியைப் பற்றிய கேள்விகள். இரண்டாவது முயற்சியை எண்ணிப் பார்க்க நான்கு வருஷம் ஆனது. ராஜன் குழு எண்ணியது: 2016-17இல் 12.47 விழுக்காடாக இருந்த மறுமுறை மாணவர்கள் 2020-21இல் 71.42 விழுக்காடு. முதல் முறையிலேயே நுழைந்தவர்கள் 87.53இலிருந்து 28.58ஆகச் சரிந்தார்கள். அந்த அறிக்கையில் தமிழ்வழி மாணவர்கள் பற்றிய எண்களைத்தான் அரசியல் மேடைகள் எடுத்துக்கொண்டன, அதில் தவறில்லை. ஆனால் எல்லா வேறுபாட்டையும் ஊடுருவி நிற்கிற எண் இதுதான் என்று எனக்குப் படுகிறது. தமிழ்வழியோ ஆங்கிலவழியோ, கிராமமோ நகரமோ, சேர்ந்தவர்களில் பத்தில் ஏழு பேர் இன்னொரு வருஷம் கிடைத்தவர்கள்.

ஏன் நீட் இரண்டாவது வருஷத்துக்கு இவ்வளவு கூலி கொடுக்கிறது? தேர்வறையைப் பார்த்தால் தெரியும். 180 கேள்வி, மூன்று மணி நேரம். கேள்விக்கு ஒரு நிமிடம். சரியான விடைக்கு நான்கு, தப்பான விடைக்கு ஒன்று கழிவு; ஆக, தெரியாத ஒரு கேள்வியில் கைவைத்துத் தோற்பவருக்கும் தெரிந்து ஜெயிப்பவருக்கும் இடையே ஐந்து மதிப்பெண் தூரம். எந்தக் கேள்வியைத் தொடாமல் விடுவது என்ற தீர்மானத்தை நொடிகளில் எடுக்க வேண்டும். இயற்பியலின் சூத்திரம் தெரிந்தால் போதாது, கை தானாக அதை எழுத வேண்டும். இது அறிவைவிடப் பழக்கத்தை அளக்கிற அளவுகோல். பழக்கம் நேரத்தால் வருவது. நேரம் விலைக்குக் கிடைப்பது. போட்டித் தேர்வு இப்படி அமைந்த இடத்திலெல்லாம் இதே விளைவுதான். 1983இல் நுழைவுத் தேர்வு தொடங்கிய கேரளத்தில் திருச்சூரில் ரிப்பீட்டர் வகுப்புகள் எப்போதோ வேர்விட்டுவிட்டன. ஆந்திரத்தில் 'லாங் டேர்ம்' என்பது ஒரு தொழிலின் பெயர். ராஜஸ்தானின் கோட்டாவில் தொழிற்சாலைகள் நொடித்துப்போன ஊரைக் கோச்சிங்தான் தூக்கி நிறுத்தியது. தமிழ்நாடு இந்த வரிசைக்குத் தாமதமாக வந்து வேகமாக ஓடியது. 2019இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் அரசு தந்த விவரப்படி, அரசு மருத்துவக் கல்லூரிகளில் அந்த ஆண்டு சேர்ந்த 3,081 பேரில் கோச்சிங் போகாதவர்கள் 48 பேர். அதற்குச் சில வாரங்களுக்கு முன்னால் நாமக்கல்லில் ஒரு கல்விக் குழுமத்தில் நடந்த சோதனையில் 30 கோடி ரூபாய் ரொக்கம் சிக்கியதாக வருமான வரித்துறை அறிவித்தது. பிளஸ் ஒன்னுக்குள் ஒளிந்திருந்த வருஷம் வெளியே வந்து, தனிக் கட்டணமும் தனி ஹாஸ்டலும் போட்டுக்கொண்டது.

இதெல்லாம் இடைக்காலக் குழப்பம், புது முறைக்கு மாநிலம் பழகிவிட்டால் சரியாகிவிடும் என்று 2017இல் சொன்னவர்கள் நேர்மையாகத்தான் சொன்னார்கள். பழைய பாடத்திட்டத்தில் படித்தவர்கள் பின்தங்கியதால் மறுபடி எழுதினார்கள், பாடநூல் மாறினால் முதல் முயற்சியே போதும் என்பது அவர்கள் வாதம். சோதித்துப் பார்க்கக்கூடிய வாதம் இது. காலம் சோதித்தும் பார்த்துவிட்டது. தமிழ்நாடு 2018இல் பிளஸ் ஒன்னுக்கும் 2019இல் பிளஸ் டூவுக்கும் புதுப் பாடநூல்களைக் கொண்டுவந்தது, எடையிலும் உள்ளடக்கத்திலும் பழையவற்றைவிடக் கனமானவை. அந்தப் பாடநூலில் இரண்டு வருஷமும் படித்து வந்த முதல் தொகுதி எழுதியது 2020 நீட். அந்த ஆண்டுச் சேர்க்கையில்தான் மறுமுறை மாணவர்களின் பங்கு 71.42. குணமாகிற நோய் இப்படி நடந்துகொள்ளாது.

இதைவிடக் கனமான எதிர்வாதம் ஒன்று இருக்கிறது. ஒரே நாளில், ஒரே தேர்வில் ஒருவர் வாழ்க்கையைத் தீர்மானிப்பது கொடுமை இல்லையா? காய்ச்சலோடு தேர்வெழுதியவருக்கு, தகப்பன் செத்த வருஷத்தில் எழுதியவருக்கு, இன்னொரு வாய்ப்பு வேண்டாமா? வேண்டும். இரண்டாவது முறை எழுதி வந்த டாக்டர் மட்டமானவர் என்று சொல்லவும் எந்த ஆதாரமும் கிடையாது. அப்படிச் சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. நீட்டை நடத்திய சி.பி.எஸ்.இ. 2017இல் மூன்று முறைக்கு மேல் நீட் எழுதக்கூடாது என்று வரம்பு போட்டுப் பார்த்தது, அது நிற்கவில்லை. பொதுப்பிரிவுக்கு 25 வயது வரம்பு வைத்தார்கள். நீதிமன்றங்களில் இழுபட்டு, தேசிய மருத்துவ ஆணையம் 2021 அக்டோபரில் மேல்வயது வரம்பையே எடுத்துவிட்டது. இடையில் 2020இல் ஒடிசாவில் ஓய்வு பெற்ற வங்கி அதிகாரி ஒருவர் 64 வயதில் எம்.பி.பி.எஸ். சேர்ந்ததைப் பத்திரிகைகள் ஆசையாக எழுதின. அவருக்கு என் வணக்கம். ஆனால் கதவு எல்லா வயதுக்கும் திறந்திருக்கிறது என்பது, எல்லா வீட்டுக்கும் திறந்திருக்கிறது என்றாகாது. முன்பு சொன்ன 0.25 காலத்தில் பழைய மாணவருக்கும் வாய்ப்பு இருந்தது. அதைப் பயன்படுத்த ஒரு விண்ணப்பத் தொகை போதுமாக இருந்தது. இன்று வாய்ப்பு இருக்கிறது. அதைப் பயன்படுத்த ஒரு வருஷத்துச் சம்பளமிழப்பும் கோச்சிங் கட்டணமும் ஹாஸ்டலும் வேண்டும், மகளென்றால் 'இன்னும் எத்தனை வருஷம்' என்று கேட்கும் உறவினருக்குப் பதில் சொல்லும் திராணியும் வேண்டும். இரண்டாவது வாய்ப்பு வேண்டும் என்பதில் எனக்குச் சண்டையில்லை. அதை ஒரு விதிவிலக்காக வைத்திருந்த முறைக்கும், அதையே தலைவாசலாக்கிய முறைக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் சொல்கிறேன். பத்தில் ஏழு பேர் நுழைகிற வழியைக் 'கூடுதல் வாய்ப்பு' என்று அழைப்பது எண்ணிக்கைக்கே அடுக்காது.

இடங்களைக் கூட்டினால் நெரிசல் குறையும், ரிப்பீட்டரும் குறைவார் என்பது இன்னொரு பதில். அரசுகளுக்குப் பிடித்த பதில். 2022 ஜனவரியில் தமிழ்நாட்டில் ஒரே நாளில் 11 அரசு மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பட்டன, 1,450 இடங்கள் கூடின. நல்ல காரியம், மாவட்ட மருத்துவமனைகளுக்கு அதனால் கிடைத்த பலம் சாதாரணமில்லை. ஆனால் கோச்சிங் சென்டர்களில் ரிப்பீட்டர்ஸ் பேட்ச் கலைந்துவிடவில்லை. தென் கொரியாவில் நடந்ததைப் பார்த்தால் காரணம் புரியும். 2024இல் அந்த நாட்டு அரசு மருத்துவ இடங்களை அதிரடியாகக் கூட்ட முடிவெடுத்தது; அந்த நவம்பரில் நடந்த கல்லூரி நுழைவுத் தேர்வுக்குப் பள்ளி முடித்துவிட்டு மறுபடி எழுத வந்தவர்கள் 1.6 லட்சத்துக்கும் மேல், இருபது வருஷங்களில் இல்லாத எண்ணிக்கை. வேறு படிப்பில் சேர்ந்திருந்தவர்களெல்லாம் எழுந்து வந்து வரிசையில் நின்றார்கள். இடம் கூடும்போது இரண்டாவது வருஷத்தின் பலனும் கூடுகிறது. 'இன்னும் கொஞ்சம்தான், எட்டிவிடலாம்' என்ற தூரத்தில் நிற்கிறவர்கள் பெருகுகிறார்கள். போட்டியின் அகலத்தை மாற்றினால் ஆட்கள் மாறுவார்கள். விதி மாறாதவரை காத்திருப்பவர்களின் கூட்டம் மாறாது.

தமிழ்நாடு அரசே இதை மறைமுகமாக ஒப்புக்கொண்டது 2020இல். அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு வந்தது. நீட் வந்தபின் அதுவரை ஆண்டுக்கு ஒற்றை இலக்கத்தில் இருந்த அவர்கள் எண்ணிக்கை, பல் மருத்துவத்தையும் சேர்த்து, ஒரே தாவலில் நானூறைத் தொட்டது. சமூக நீதியின் கணக்கில் இது மறுக்க முடியாத சாதனை. ஆனால் ஒதுக்கீட்டுக்கு உள்ளேயும் நீட் மதிப்பெண்தான் வரிசையைத் தீர்மானிக்கிறது, ஆகவே உள்ளேயும் இரண்டாவது வருஷம் வேலை செய்கிறது. அதில் இடம் பெற்றவர்களில் மறுமுறை எழுதியவர்கள் கணிசம். ஆசிரியர்களோ அறக்கட்டளையோ பணம் போட்டுக் கோச்சிங்கில் சேர்த்துவிட்டதால் வந்தவர்களும் உண்டு. அதே பள்ளியில் அதே மதிப்பெண் எடுத்து, பணம் போட ஆள் கிடைக்காதவர் செவிலியர் படிப்புக்கோ திருப்பூருக்கோ போயிருப்பார். ஏழைகளுக்கும் ஏழைகளுக்கும் இடையில்கூட இந்த முறை காலத்தை வைத்தே பிரிக்கிறது.

ராஜன் குழு அறிக்கையின் அடிப்படையில் 2021 செப்டம்பரில் நிறைவேறிய மசோதா பிளஸ் டூ மதிப்பெண்ணுக்கே திரும்பச் சொன்னது. ஆளுநர் திருப்பி அனுப்ப, சட்டமன்றம் 2022 பிப்ரவரியில் மறுபடி நிறைவேற்ற, குடியரசுத் தலைவர் ஒப்புதல் மறுத்துவிட்டதாக 2025 ஏப்ரலில் முதல்வர் அறிவித்தார். நீட் விலக்கு என்றாவது கிடைத்தால் அன்றைக்கு வேண்டியது நுழைவுத் தேர்வு இல்லாமை மட்டும் இல்லை. பிளஸ் டூ மதிப்பெண்ணைச் சம்பாதிக்க எத்தனை வருஷம் செலவிடலாம் என்ற கேள்விக்கும் விதியில் பதில் வேண்டும். பிளஸ் ஒன் பாடத்தைப் பள்ளிகள் விழுங்கிவிடக் கூடாது என்றுதான் 2017-18இல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வந்தது. அடுத்த ஆண்டே அதன் மதிப்பெண் கல்லூரிச் சேர்க்கைக்கு வேண்டாம் என்றானது. 2025-26 முதல் அந்தத் தேர்வே கிடையாது என்று மாநிலக் கல்விக் கொள்கை எடுத்துவிட்டது. குழந்தைகளின் சுமையைக் குறைக்க எடுத்த முடிவு, அந்த அளவில் நியாயம்தான். நாமக்கல் பள்ளிகளின் தாளாளர்கள் அதை வேறு காரணத்துக்காகவும் கவனித்திருப்பார்கள்.